நீர்மட்டத்துக்குக் கணக்கு உண்டு, நீரின் உயிருக்கு?

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி, செம்பரம்பாக்கத்தில் எத்தனை மில்லியன் கன அடி என்பதைத் தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவரும் தெரிந்துகொள்ளலாம். நீரை அளந்து எழுதிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் அந்த ஊரில் எழுந்த சிவன் கோயில், அதற்கு விடப்பட்ட நிலம், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கான பங்கு, ‘பரமேசுவர தடாகம்’ என்ற ஏரி, பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவந்த ‘பெரும்பிடுகு’ கால்வாய் என்று எல்லாமே அவற்றில் பதிவாகியிருக்கின்றன. 1890-ல் ஹுல்ச் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இச்செப்பேடுகளை இன்றும் படிக்கலாம்.

இப்படி 1,300 ஆண்டுகளாக நீருக்குக் கணக்கு வைத்திருக்கும் நாம், அந்த நீரில் வாழும் உயிருக்குக் கணக்கு வைக்கத் தவறிவிட்டோம். குறிப்பாக, ஏரியானாலும் கடலானாலும் உணவுச் சங்கிலியின் முதல் கண்ணியாக நிற்கும் மிதவைப் பாசிகளுக்கு. இந்தத் தவறின் விலையை மன்னார் வளைகுடாவின் தீவுகள் கொடுக்கத் தொடங்கிவிட்டன.

குருசடையில் நடந்தது

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. ‘பூங்கோரை’ படர்ந்துவிட்டது என்றார்கள் மீனவர்கள். நுண்ணோக்கியில் தெரிந்தது ‘நாக்டிலூகா’ என்ற ஒற்றைச் செல் உயிரி. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் குருசடை, சிங்கில் தீவுகளை ஒட்டிய பவளத்திட்டுகளில் இறங்கிப் பார்த்தபோது, நீரில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. வேகமாக வளரக்கூடிய அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா வகைப் பவளங்கள் மூச்சு முட்டி இறந்திருந்தன. 2020-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

நாக்டிலூகா மற்ற மிதவை உயிரிகளைத் தின்று பெருகுவது. நம் கடலில் திரள்வது அதன் பச்சை வகை. தன் செல்லுக்குள் நுண்ணிய பச்சைப் பாசியைக் குடியேற்றிக்கொண்டு, வெளிச்சத்திலிருந்தும் உணவு தேடிக்கொள்ளும். இரை கிடைத்தால் தின்னும், கிடைக்காவிட்டால் வெயிலில் சமைத்துக்கொள்ளும் இந்த உயிரியை மற்ற வகைகளால் எளிதில் வெல்ல முடியாது. கூட்டமாகப் பெருகிக் கூட்டமாக மடியும்போது, அதன் உடலைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் உள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. மீன்களில் சில நீந்தித் தப்பிக்கும். பவளங்கள் இருந்த இடத்திலேயே சாகும்.

இது இதற்கு முன் நடக்காததா? 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா திரண்டது, மீன்கள் இறந்தன. இன்னும் பின்னால் போனால், மண்டபத்தில் பணியாற்றிய ஆர். ரகு பிரசாத் 1953-லேயே பாக் விரிகுடாவில் நாக்டிலூகா திரண்டதைப் பற்றியும், அது சூடை மீன்பாட்டை எப்படிப் பாதித்தது என்பது பற்றியும் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார். கடல் பச்சையாவது பழைய செய்தி. இப்போது அது அடிக்கடி நடக்கிறதா, அதிக நாள் நீடிக்கிறதா, அதற்கு முன்பு அங்கே இருந்த வகைகள் பிறகு திரும்பி வருகின்றனவா என்பவைதான் விடை காண வேண்டிய கேள்விகள். ஆண்டுக்கணக்கில், ஒரே இடத்தில், ஒரே முறையில், வகைவகையாக எண்ணிவைத்த பதிவு இருந்தால்தான் அவற்றுக்கு விடை சொல்ல முடியும்.

ஒரு சொட்டில் ஒரு காடு

உலகில் ஒளிச்சேர்க்கை மூலம் உருவாகும் உணவில் ஏறத்தாழ பாதியைக் கடலின் மிதவைப் பாசிகள் உருவாக்குகின்றன. ஆனால், உலகத் தாவரங்களின் மொத்த எடையில் அவற்றின் பங்கு ஒரு சதவீதத்தையும் எட்டாது. காட்டு மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். மிதவைப் பாசியோ நாளுக்கொரு முறை இரட்டித்து, சில நாட்களில் இரையாகிவிடும். இருப்பு குறைவு, சுழற்சி வேகம் அதிகம். அதனால்தான் நீரின் தன்மையில் ஏற்படும் மாற்றத்தை எந்த உயிரியையும் விட முன்னதாக அவை காட்டிக்கொடுக்கின்றன.

அவற்றின் வகைகளோ ஏராளம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் டயட்டம்கள், சாட்டை போன்ற இழையால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள், காற்றின் நைட்ரஜனை நீருக்குக் கொண்டுவரும் டிரைக்கோடெஸ்மியம், 1980-களில்தான் கண்டறியப்பட்ட, ஒரு மைக்ரானுக்கும் சிறிய புரோகுளோரோகாக்கஸ் என்று பட்டியல் நீளும். 2009 முதல் 2013 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘தாரா’ ஆய்வுக் கப்பல் திரட்டிய மாதிரிகளில், உட்கரு உள்ள மிதவை உயிரிகளில் மட்டும் சுமார் 1.5 லட்சம் மரபணு வகைகள் தெரியவந்தன.

இத்தனை வகைகள் எதற்கு? சூடையும் சாளையும் எதை வடித்துத் தின்ன முடியுமோ அதை முத்துச்சிப்பியின் இளம்புழு தின்ன முடியாது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை ஆய்வகத்தில் பொரிக்கவைத்து வளர்த்தபோது, அவற்றுக்கு ஊட்டிய உணவு ‘ஐசோகிரைசிஸ்’ என்ற மிகச் சிறிய பாசி. அளவிலும் சத்திலும் பொருந்தும் பாசி கிடைக்காவிட்டால் சிப்பிக் குஞ்சு பிழைக்காது. வாடைக்காற்றுக் காலத்தில் மழைநீர் சத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்போது டயட்டம்கள் தழைக்கும். கோடையில் கடல் அசையாமல் சத்தின்றிக் கிடக்கும்போது டிரைக்கோடெஸ்மியம் மேலே வரும். ஆண்டு முழுக்கக் கடலின் உலை அணையாமல் இருப்பதற்குக் காரணம், பருவத்துக்கொருவர் வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வதுதான்.

தீவுகளைச் சுற்றி இந்த உலை இன்னும் நன்றாக எரியும். ஹவாய்த் தீவுகளில் ஆய்வு செய்த டோட்டியும் ஒகுரியும் 1956-ல் இதை எழுதினார்கள். தீவின் அடிவாரத்தில் மோதும் நீரோட்டம் ஆழத்துச் சத்தை மேலே தூக்குகிறது. தீவிலிருந்து வழியும் நீரும், பறவை எச்சமும், பவளத்திட்டுகளும் தங்கள் பங்கைத் தருகின்றன. பசிபிக் கடலில் 35 பவளத் தீவுகளை எடுத்துக்கொண்டு 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றில் 91 சதவீதத்தில் கரையை நெருங்க நெருங்க மிதவைப் பாசி கூடுவது உறுதியானது. இலங்கையின் தென்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழ்நீர் மேலெழுந்து கடல் பசுமையாவதைச் செயற்கைக்கோள்கள் ஆண்டுதோறும் படமெடுக்கின்றன. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 560 சதுர கிலோமீட்டரில் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இப்படிப்பட்ட உணவுக்களங்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். தீவு போனால் அதைச் சுற்றியிருந்த உணவுக்களமும் குலையும்.

பசுமை கூடினால் நலமா?

1961-ல் சூழலியலாளர் ஹட்சின்சன் ஒரு புதிரை முன்வைத்தார். ஒரே நீர், ஒரே வெளிச்சம், அதே சில சத்துகள். போட்டியில் வலிமையான ஒரு வகை மற்றவற்றை ஒழித்திருக்க வேண்டும். ஆனால், ஒரு வாளி நீரில் பல பத்து வகைகள் சேர்ந்து வாழ்கின்றன. எப்படி? அவர் தந்த விடைகளில் முதன்மையானது, நீர் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான். ஒரு வகை வெற்றியை நெருங்குவதற்குள் காற்று திரும்பிவிடும், வெப்பம் மாறிவிடும், சத்தின் அளவு ஏறி இறங்கிவிடும். மாற்றம்தான் பன்மைக்குக் காவல்.

அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டு, இடைவிடாமல் சத்தை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் குளம் ஒன்றே சான்று. எஸ்.வி. கணபதி 1940-ல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஒரு கோயில் குளத்தின் சூழலியலைப் பற்றி எழுதினார். அந்தக் குளத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்தது. வரத்துக்கால் அடைபட்ட குளத்தில் பழைய நீர் வெளியேறாது, புது நீர் வராது, கழிவின் சத்து மட்டும் தேங்கும். அங்கே ஒரே ஒரு வகை வென்றுவிடுகிறது. மைக்ரோசிஸ்டிஸின் பல இனங்கள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. குளம் பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் அது நலிந்த நீர்.

கடலிலும் இதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, இருபுறமும் நிலத்தால் நெருக்கப்பட்டது. அதன் கரையோர ஊர்களின் கழிவுநீர், இறால் பண்ணைகளின் கழிவு, வயல்களில் இட்ட உரத்தின் மிச்சம் எல்லாம் அதில் சேர்கின்றன. கடல் வெப்பமும் ஏறுகிறது. அரபிக்கடலில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குளிர்காலத்து டயட்டம்களின் இடத்தை நாக்டிலூகா பிடித்துக்கொண்டதை ஹெல்கா கோம்ஸ், ஜோக்விம் கோயஸ் குழுவினர் 2014-ல் விரிவாக எழுதினார்கள். டயட்டத்தை நுண்ணிறால் வகைகள் தின்னும், அவற்றை மீன்கள் தின்னும். நாக்டிலூகாவைப் பெரும்பாலும் தின்பவை சால்ப்களும் ஜெல்லி மீன்களும்தான். அடிப்படை மாறினால் வலையில் விழுவதும் மாறும்.

இங்கேதான் நம் கண்காணிப்பின் போதாமை தெரிகிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 உள்ளிட்ட செயற்கைக்கோள்கள் கடலின் பச்சையத்தை அளக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதைக் கொண்டு மீன் திரளும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. பாசித் திரள் எச்சரிக்கையும் தருகிறது. இவை மதிப்புமிக்க பணிகள். ஆனால், வானிலிருந்து பார்க்கும் கருவி எவ்வளவு பச்சை என்பதைச் சொல்லுமே தவிர, அந்தப் பச்சைக்குள் எத்தனை வகைகள், எவை மறைந்தன என்பதை நம்பிக்கையோடு சொல்லாது. அறுபது வகைகள் சேர்ந்த பச்சையும் ஒரே வகையின் பச்சையும் படத்தில் ஒன்றுபோல் தெரியக்கூடும். முந்தையது சூடைக்கு விருந்து, பிந்தையது பவளத்துக்குச் சாவு.

நம்மிடம் இருந்த கண்கள்

வகை பிரித்துப் பார்க்கும் திறமை நம் மண்ணில் இல்லாத ஒன்றல்ல. சென்னைக் கடலின் மிதவை உயிரிகளைப் பற்றி கே.எஸ். மேனன் 1931-ல் எழுதினார். சென்னைக் கடற்கரையின் டயட்டம்களை ஆர். சுப்பிரமணியன் 1946-ல் ஒவ்வொன்றாக விவரித்துப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்திய எம்.ஓ.பி. அய்யங்கார், இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். சென்னையைச் சுற்றியுள்ள குளம் குட்டைகளும் ஈரமண்ணுமே அவருக்கு ஆய்வுக்களம். அவருடைய மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட ‘சைனோஃபைட்டா’ நூலை நீலப்பச்சைப் பாசிகளைப் படிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் புரட்டுகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கியிருக்கிறது.

குறை எங்கே என்றால், இந்த உழைப்பு தனித்தனி ஆய்வேடுகளாக நின்றுவிட்டதில். ஒரு மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகள் மாதிரி எடுப்பார். பட்டம் பெற்றதும் அந்த வரிசை அறுந்துவிடும். அடுத்தவர் வேறு இடத்தில், வேறு கண்ணி அளவுள்ள வலையோடு தொடங்குவார். இரண்டையும் ஒப்பிட முடியாது. 1990-களிலிருந்து மத்திய அரசு நடத்திவரும் கடல்நீர்த் தரக் கண்காணிப்பில் மிதவை உயிரிகளும் அடங்கும் என்பது உண்மை. ஆனால், சில நாட்களில் எழுந்து அடங்கும் பாசித் திரளைப் பருவத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரியில் பிடிக்க முடியாது.

வட கடலில் ஹெல்கோலாந்து என்ற சிறிய ஜெர்மானியத் தீவு இருக்கிறது. 1962 முதல் அங்கே வேலை நாள்தோறும் கடல்நீரை மொண்டு, மிதவைப் பாசிகளை வகை பிரித்து எண்ணி வருகிறார்கள். ஒரு வாளி, ஒரு நுண்ணோக்கி, பயின்ற ஒருவர். அந்தப் பதிவைக் கொண்டுதான் வட கடல் எப்படி மாறிவருகிறது என்பதை ஐரோப்பா விவாதிக்கிறது. குருசடைத் தீவு 1920-களிலேயே அறிவியல் உலகில் பெயர் பெற்றது. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-ல் தனி வெளியீடே கொண்டுவந்தது. அந்தத் தீவுக்கு ஹெல்கோலாந்தைப் போல இடைவிடாத பதிவு வரிசை இல்லை என்பது நம் திறமைக் குறைவால் நேர்ந்ததல்ல. தொடர்ச்சியை நாம் மதிக்காததால் நேர்ந்தது.

ஏரியிலிருந்து தொடங்கலாம்

கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கூரத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மக்கார்தரும் வில்சனும் 1967-ல் தீவுகளின் உயிர்ப்பன்மை பற்றிய கோட்பாட்டை நூலாக எழுதிய பிறகு, அறிவியலாளர்கள் ஏரிகளையும் தீவுகளாகவே பார்க்கப் பழகினார்கள். நீர் சூழ்ந்த நிலம் தீவு என்றால், நிலம் சூழ்ந்த நீர் ஏரி. அதற்குள் வந்து சேரும் வகைகள் எத்தனை, அற்றுப்போகும் வகைகள் எத்தனை என்பதே அதன் வரலாறு. ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டம் அந்தப் பார்வையில் ஒரு பெரிய தீவுக்கூட்டம். கூரத்துத் தடாகத்துக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு கால்வாய் நீரை மட்டும் கொண்டுவரவில்லை; ஆற்றின் பாசி வகைகளையும் கொண்டுவந்தது. வரத்துக்கால் தூர்ந்துபோன ஏரி, படகு வராத தீவைப் போலத் தனித்துவிடுகிறது.

ஏரியிலிருந்து கடலுக்கும் வழி இருக்கிறது. பாலாற்றில் தோல் பதனிடும் ஊர்களின் கழிவும், காஞ்சிபுரத்துப் பட்டுநூலின் சாயநீரும், வேகவதி ஆற்றில் கலக்கும் நகரக் கழிவும் சேர்கின்றன. ஆறு பெருக்கெடுக்கும் ஆண்டுகளில் எல்லாம் வாயலூர் முகத்துவாரம் வழியே கடலில் கலக்கின்றன. அதை அடுத்த கல்பாக்கம் கடலில் 2007 மார்ச்சில் டிரைக்கோடெஸ்மியம் திரண்டதை அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் திரளுக்கு இந்தக் கழிவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலத்தில் நாம் செய்வது கடல்வரை போகும் என்பதையும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும் என்பதையும் நினைவூட்டுகிறேன். தீவின் நீரைக் காப்பது தீவில் மட்டும் நடக்கும் வேலை அல்ல.

நடைமுறையில் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி ஆகிய நான்கு தீவுக்கூட்டங்களுக்கும் தலா ஒரு நிலையான இடத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் ஒரே முறையில் மாதிரி எடுத்து வகைவாரியாக எண்ண வேண்டும். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகத்தை அறிவித்த அரசு, கடற்பசு மேயும் கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், பாசித் திரள் அந்த வெளிச்சத்தை மறைக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு காப்பகத்துக்குள்ளும் ஓர் இடத்தைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணும் பொறுப்பைக் கடலோர அரசுக் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும். மாதிரியைக் கெடாமல் வைக்க அயோடின் கரைசல், எண்ணுவதற்குக் கட்டமிட்ட ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு நல்ல நுண்ணோக்கி போதும். செலவு பெரிதல்ல. பாசிகளை வகை பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு நிரந்தரப் பணியிடம் தருவதுதான் அவசியம். ஓய்வுபெறும் மூத்த பாசியியலாளர்களின் கண்ணில் இருக்கும் அறிவை அடுத்த தலைமுறைக்கு மாற்ற வேண்டிய நேரம் இது.

மூன்றாவது, ஏரி தூர்வாரும் திட்ட அறிக்கையில் கொள்ளளவோடு பாசிக் கணக்கையும் சேர்க்க வேண்டும். யூக்ளினா, ஆசிலட்டோரியா போன்ற சில பாசிகள் கழிவு மிகுந்த நீரைத் தாங்கிப் பெருகும் என்பதை வைத்து 1969-ல் பால்மர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். கல்லூரி மாணவர்களாலும் அதைக் கையாள முடியும். வண்டலுக்குள் பல பாசிகள் உறங்குநிலை வித்துகளாக ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. மழை வந்து ஏரி நிரம்பும்போது அவைதான் முதலில் முளைக்கின்றன. தரை தெரிய ஒரேயடியாக வண்டலை வழித்தெடுக்காமல், பகுதி பகுதியாக எடுப்பது அந்த வித்துகளைக் காப்பாற்றும். கூரம் ஏரியையும் காஞ்சியின் கோயில் குளங்களையும் இதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, மீனவர்களின் கண்ணைப் பயன்படுத்த வேண்டும். மீன் திரளும் இடத்தை அவர்களுக்கு அனுப்பும் அதே கைப்பேசி வழியாக, தண்ணீரின் நிறம் மாறியதை அவர்கள் திருப்பி அனுப்ப வழி செய்தால், செயற்கைக்கோளின் பார்வையை மேகம் மறைக்கும் நாளிலும் செய்தி கிடைக்கும். உடனே ஒரு படகு போய் மாதிரி எடுக்க வேண்டும். 2019-ல் பவளம் இறந்த பிறகு தெரிந்ததை, அடுத்த முறை நாக்டிலூகா பெருகத் தொடங்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

கணக்கெடுப்பு மட்டும் பவளத்தைக் காப்பாற்றாது என்பார்கள். சரிதான். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல், உரத்தையும் பண்ணைக் கழிவையும் கட்டுப்படுத்தாமல் எந்தப் பதிவேடும் கடலைத் தூய்மையாக்காது. ஆனால், எந்த ஊரின் சுத்திகரிப்பு நிலையம் பயன் தந்தது, எந்தத் திட்டத்தின் பணம் வீணானது என்பதை ஆதாரத்தோடு கேட்க மக்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். குடிநீரும் மீன்பிடித் தொழிலும் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கும் பதில் அதுவே. சூடையும் நெத்திலியும் முத்துச்சிப்பியும் அந்தப் பாசியில் தொடங்குகின்றன. குடிநீர் ஏரியில் நஞ்சு சேர்ந்தால் அதுவும் பாசியில்தான் தொடங்கும். நீர்நிலைக்குப் பணம் ஒதுக்கும் ஒவ்வொரு அரசாணையும், அந்த நீரில் எத்தனை வகை உயிர் வாழ்கிறது என்று ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கக் கட்டளையிட வேண்டும். தமிழ்நாடு அரசு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதற்கு ஒரு தலைப்பை ஒதுக்கலாம்.